மார்கழியின் வருகைப் பதிவேடு

தமிழகத்துத் தொடக்கப்பள்ளிகள் ஓய்வின்றி இயங்கும் மாதம் டிசம்பர். அதன் முற்பாதி கார்த்திகை, பிற்பாதி மார்கழி. பள்ளிச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் பாரதியார் பிறந்த நாள், இரண்டாம் பருவத் தேர்வு, தேசியக் கணித நாள், கிறிஸ்துமஸ், அரையாண்டு விடுமுறை என்று ஒரு வரிசை. பூஜையறைப் பஞ்சாங்கத்தில் திருக்கார்த்திகை, மார்கழிப் பிறப்பு, வைகுண்ட ஏகாதசி, அனுமன் ஜயந்தி, ஆருத்திரா தரிசனம் என்று மற்றொரு வரிசை. சில ஆண்டுகளில் இவற்றுள் ஒன்றிரண்டு ஜனவரிக்குத் தள்ளிப்போவதுண்டு. ஆயினும் இவ்விரண்டு வரிசைகளையும் ஒருசேரச் சுமந்து நடப்பவர்கள், ஐந்து முதல் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியரே.

கீதையில் பகவான் மாதங்களுள் தம்மை மார்கழியாக உரைத்தருளினார். அத்தகைய உயர்ந்த மாதம் ஒரு குழந்தைக்குச் சுமையாகக் கழிகிறதா, சுவையாகக் கழிகிறதா என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் கோயில் அன்பர்களும் சற்றே எண்ணிப் பார்ப்பது நல்லது.

விளக்கில் தொடங்கும் பாடம்

நவம்பர் இறுதியிலோ டிசம்பர் முதல் பாதியிலோ திருக்கார்த்திகை வந்துவிடும். அண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படும் அதே மாலையில் வீட்டு வாசல்தோறும் அகல் விளக்குகள் ஒளிரும். மறுநாள் வகுப்பறையில் ஆசிரியர் கேட்கத் தக்க கேள்விகள் பல உண்டு. எண்ணெய் கீழே அகலில் இருக்கிறது. சுடரோ மேலே திரி நுனியில் எரிகிறது. கீழே உள்ள எண்ணெய் மேலே ஏறியது எப்படி? பஞ்சுத் திரியின் நுண்ணிய இடைவெளிகள் வழியே எண்ணெய் தானே ஏறும் விந்தையை ஒரு கிண்ணத் தண்ணீரும் ஒரு துணித் துண்டும் கொண்டு இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குக் காட்டிவிடலாம்.

அன்றிரவு கீழ்வானை நோக்கினால் மற்றொரு பாடம் காத்திருக்கும். கார்த்திகை என்பது ஒரு விண்மீன் கூட்டத்தின் பெயர். நல்ல பார்வை உடையவர்களுக்கு அதில் ஆறு மீன்கள் புலப்படும். ஆறுமுகப் பெருமானைச் சீராட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவர் என்ற புராணச் செய்தியைக் கேட்ட குழந்தை, அந்த ஆறையும் தன் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கும்போது அடையும் மகிழ்ச்சி எந்தப் பாடப்புத்தகப் படத்திலும் கிடைக்காது.

முழுநிலவு கார்த்திகை மீனை அடுத்து நிற்கும் மாதம் கார்த்திகை. மிருகசீரிடத்தை அடுத்து நிற்கும் மாதம் மார்கசீர்ஷம்; அதுவே மார்கழி ஆயிற்று. மார்கழியின் முன்னிரவில் கிழக்கே எழும் வேட்டுவன் உருவ விண்மீன் கூட்டத்தில் செந்நிறமாய் ஒளிர்வது திருவாதிரை. நடராசப் பெருமானுக்கு உகந்த அந்த விண்மீனின் பெயரை அறிந்த குடும்பங்கள் பல. அண்ணாந்து பார்த்து அதை அடையாளம் கண்டவர்கள் சிலரே. மொட்டைமாடிக்கு ஒருநாள் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுவதற்குக் காசு எதுவும் செலவில்லை.

முண்டாசும் புள்ளிக் கோலமும்

டிசம்பர் 11 மகாகவி பாரதியார் பிறந்த நாள். 1882ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் தோன்றிய அவரைப் போல முண்டாசு கட்டி, மையால் மீசை வரைந்து வரும் குழந்தைகளால் பள்ளி வளாகம் நிறைந்துவிடும். பாப்பாக்களுக்கென்றே பாட்டு எழுதிய கவிஞர் அவர். வேடம் கட்டிய குழந்தை அப்பாட்டில் ஒரு கண்ணியையாவது பொருள் தெரிந்து சொன்னால் அந்த மீசைக்கு மதிப்பு உண்டு.

டிசம்பர் 22 கணிதமேதை சீனிவாச இராமானுஜன் பிறந்த நாள். 2012 முதல் அது தேசியக் கணித நாள். 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் மார்கழியில் பிறந்து, கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர் அவர். நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பம். கும்பகோணத்துத் தொடக்கப்பள்ளி மாணவராக 1897 நவம்பரில் எழுதிய தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். பின்னாளில் கணிதம் ஒன்றிலேயே மூழ்கி, மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரித் தேர்வுகளில் தோற்றார் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். வேலையின்றி அலைந்த நாளில் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கிய இராமச்சந்திர ராவ் போன்ற பெருமக்கள் இல்லையென்றால், அந்த மேதையின் ஏடுகள் கடல் கடந்திருக்குமா என்பது ஐயமே.

கணித நாளுக்கென்று தனியே கருவிகள் வாங்க வேண்டியதில்லை. மார்கழி வாசலே கணிதக் கூடம். நேர்ப்புள்ளிக் கோலத்தில் ஏழு புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடித்தால், நடுவரிசையில் 7, இருபுறமும் 5, 3, 1 என்று புள்ளிகள் அமையும். மொத்தம் 25. ஊடுபுள்ளியில் ஏழில் தொடங்கி நான்கில் முடித்தால், நடுவில் 7, இருபுறமும் 6, 5, 4. மொத்தம் 37. விரல்விட்டு எண்ணாமல் இதைக் கூட்டச் சொன்னால், ஒருபுறத்தைக் கூட்டி இரட்டித்து நடுவரிசையைச் சேர்க்கலாம் என்று ஐந்தாம் வகுப்புச் சிறுமி தானே கண்டுபிடித்துவிடுவாள். பாட்டியும் அம்மாவும் தலைமுறை தலைமுறையாகக் கைவழியே கடத்தி வந்த கணக்கு அது.

மாத இறுதியில் பல பள்ளிகளில் கிறிஸ்துமஸ் விழா. கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளில் பயிலும் இந்துக் குழந்தைகள், விடுமுறைக்கு முந்தைய நாள் நடைபெறும் நாடகத்தில் இடையராகவோ தேவதையாகவோ வேடமிட்டு வருவார்கள். பொங்கல் பிரசாதத்தைத் தோழியோடு பகிர்ந்துண்ட குழந்தை, அத்தோழி தரும் கேக்கையும் மகிழ்ந்து ஏற்கும். வகுப்பறை கற்றுத் தரும் நல்ல பாடங்களுள் இதுவும் ஒன்று.

மழையும் தேர்வும்

விழாக்கள் இத்தனை இருப்பினும், டிசம்பரில் ஆசிரியரின் மனத்தை நிறைத்திருப்பது தேர்வுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இம்மூன்று மாதங்களில் பெய்கிறது. இரண்டாம் பருவமும் இதே மூன்று மாதங்கள்தாம். மழை விடுமுறையால் போன நாள்களை டிசம்பரில் ஈடுகட்ட வேண்டும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றுப்புற மாவட்டங்களையும் தாக்கியபோது பள்ளிகள் பல நாள்கள் திறக்கப்படவில்லை. திறந்த கையோடு தேர்வு வந்து நின்றது.

மார்கழி பிறப்பதோ டிசம்பர் 16ஆம் நாளை ஒட்டி. மாதத்தின் முதல் வாரம் பெரும்பாலும் தேர்வு வாரமாகவே அமைந்துவிடுகிறது. விடியற்காலை நான்கரை மணிக்குத் திருப்பாவை, ஒன்பதரை மணிக்குத் தேர்வு, மாலையில் பாசுரப் போட்டிக்கான பயிற்சி என்று ஓடும் குழந்தையின் கண்ணில் உறக்கம் தேங்கி நிற்பதைப் பல இல்லங்களில் காணலாம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 மணி முதல் 12 மணி நேரம் வரை உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் அளவு. ஆகவே விடியலில் எழுப்ப விரும்பும் பெற்றோர் முதல்நாள் இரவு ஏழரை மணிக்கே தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும். இரவு பத்தரை வரை விழித்திருந்த குழந்தையை நான்கு மணிக்கு உலுக்கி எழுப்புவது பக்தியில் சேராது.

கோயில் ஒலிபெருக்கிக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் இசையமைத்து, எம்.எல். வசந்தகுமாரி பாடிப் பரவச் செய்த பாசுரங்கள் கோயில் மண்டபத்துக்குள் மெல்லென ஒலிக்கும்போதும் அதே இனிமை உடையவைதாம். தேர்வு எழுதப் போகும் குழந்தையும், இரவுப் பணி முடித்து வந்த தொழிலாளியும் சற்றே உறங்கட்டும்.

பரிசு மேடை

திருப்பாவை, திருவெம்பாவை இரண்டையும் சைவ வைணவ வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளும் ஓத வேண்டும் என்று விரும்பிய காஞ்சி மகா சுவாமிகள், அதற்கென மாநாடுகள் நடைபெற ஊக்கம் தந்தார்கள். அவ்வழியில் இன்று ஊர்தோறும் பாவை விழாக்களும் ஒப்பித்தல் போட்டிகளும் நடக்கின்றன. முழுவதும் அரசு நிதியில் இயங்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்பது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. ஆதலால் பாரதிக்குப் பள்ளி மேடையும் ஆண்டாளுக்குக் கோயில் மண்டபமும் என்று இடம் பிரிந்திருப்பது முறையே. இரண்டு மேடைகளிலும் ஏறுவது ஒரே குழந்தைகள்தாம்.

போட்டிகளால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் ஒரு குறையும் கண்ணில் படுகிறது. முப்பது பாசுரங்களையும் தடையின்றிச் சொல்லும் குழந்தைக்கு முதற்பரிசாகக் குத்துவிளக்கு. இருபது சொன்ன குழந்தைக்கு எவர்சில்வர் பாத்திரம். இக்குழந்தைகளின் வீட்டில் பெரும்பாலும் பாட்டி இருப்பார். அல்லது பாசுர வகுப்புக்கு அனுப்ப வசதி இருக்கும். கோயிலுக்கு எதிரே பூக்கட்டும் தாயின் மகள், கேட்டுக் கேட்டே இரண்டு பாசுரம் மனனம் செய்து வந்திருப்பாள். மூன்றாவதில் தடுக்கி நிற்பாள். மணியடித்து, “அடுத்து” என்று அழைத்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு அவள் வரமாட்டாள். வராததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

பள்ளியிலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசையில் நிற்பவர்கள், பேச்சுப் போட்டியில் பெயர் கொடுப்பவர்கள், கணித நாளில் கரும்பலகைக்கு அழைக்கப்படுபவர்கள் ஆகியோர் பெரும்பாலும் அதே நான்கைந்து பேர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் மாணவன் டிசம்பர் முழுவதும் கைதட்டுபவனாகவே இருந்துவிட்டு, தேர்வு நாளில் மட்டும் தனியே அகப்பட்டுக்கொள்கிறான்.

எண்ணிப் பார்க்கச் சொன்ன பாடல்கள்

இக்குறைக்கு மருந்து, குழந்தைகள் ஒப்பிக்கும் பாசுரங்களுக்குள்ளேயே இருக்கிறது.

திருப்பாவையின் முதல் ஐந்து பாசுரங்கள் நோன்பின் முன்னுரை. இரண்டாம் பாசுரத்தில் நோன்பின் விதிகள் வருகின்றன. நெய்யும் பாலும் உண்ணாமை, மையும் மலரும் அணியாமை ஆகியவற்றோடு கோள் சொல்லாமையும், இயன்றவரை பிறருக்கு ஈதலும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. நான்காம் பாசுரம் மழையை அழைக்கிறது. மேகம் கடலுக்குள் புகுந்து நீரை முகந்து, வானேறிக் கறுத்து, திருவாழி போல் மின்னி, வலம்புரிச் சங்கு போல் அதிர்ந்து, உலகம் வாழப் பொழிய வேண்டும் என்பது அதன் கருத்து. அறிவியல் பாடத்தில் நீர்ச்சுழற்சி படிக்கும் மாணவனுக்கு அப்பாசுரத்தின் பொருளை ஒருமுறை சொன்னால், பாடம், பாசுரம் இரண்டுமே மறக்காது.

ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை பத்துப் பாடல்களும் உறங்கும் தோழியரை எழுப்பும் பாடல்கள். கண்ணன் மீது அத்துணைக் காதல் கொண்ட கோதை, நேரே நந்தகோபன் மாளிகைக்கு ஓடியிருக்கலாம். முதலில் வந்தவளுக்கே முதற்பரிசு என்றால் அப்படித்தான் செய்திருப்பாள். அவளோ பத்து வீட்டு வாசலில் நின்று பத்து விதமாக அழைக்கிறாள். பறவைகள் ஒலிக்கின்றன என்கிறாள். தயிர் கடையும் ஓசை கேட்கவில்லையா என்கிறாள். வெள்ளி உதித்து வியாழன் மறைந்துவிட்டது என்று வானத்தைக் காட்டுகிறாள். ஒருத்தியைச் சற்றே கடிந்துகொள்கிறாள். இன்னொருத்தியின் தாயிடம் முறையிடுகிறாள். ஒருவருக்குச் சொன்ன சொல்லையே மற்றவருக்கும் சொல்லி நகர்ந்துவிடவில்லை. பிந்திய மாணவர் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு வழியில் பேசும் நல்லாசிரியரின் இயல்பு இது.

பதினைந்தாம் பாசுரம் உரையாடலாகவே அமைந்தது. உள்ளே இருப்பவள், எல்லாரும் வந்துவிட்டார்களா என்று கேட்கிறாள். வந்துவிட்டார்கள், வேண்டுமானால் நீயே வந்து எண்ணிக்கொள் என்று வெளியே நிற்பவர்கள் விடையளிக்கிறார்கள்.

வியப்பு என்னவெனில், மாணிக்கவாசகப் பெருமான் அருளிய திருவெம்பாவையிலும் இதே கேள்வி வருகிறது. இருபது பாடல்களுள் நான்காவது அது. எல்லாத் தோழியரும் வந்தாயிற்றா என்று உள்ளிருப்பவள் வினவ, எண்ணித்தான் சொல்ல வேண்டும், அதற்குள் நீ உறங்கிப் பொழுதை வீணாக்காதே, நீயே வந்து எண்ணிப் பார், ஆள் குறைந்தால் போய் உறங்கிக்கொள் என்று மற்றவர்கள் விளையாட்டாகப் பதில் கூறுகிறார்கள்.

பெருமாளைப் பாடிய நூலும் சிவபெருமானைப் பாடிய நூலும் ஒரே இடத்தில் நின்று தலைகளை எண்ணுகின்றன. ஒருத்தி குறைந்தாலும் புறப்பாடு இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் ஆசிரியர் வகுப்பில் எடுக்கும் வருகைப் பதிவேடு மார்கழியில் இறைவனின் வாசலுக்குப் போகும் வழியிலும் இருக்கிறது.

பிந்தியவரை எழுப்புதல்

தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், தொடக்க வகுப்புக் குழந்தைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டார்கள். படிக்கத் தெரியாதவன் என்ற சொல் அதில் இல்லை. இன்னும் மலராதவன், அவ்வளவே. பாவைப் பாடல்களைக் கற்பிப்போரும் இதைப் பின்பற்றலாம். ஒருவர் முப்பது பாசுரம் சொல்லும் போட்டியோடு, முப்பது குழந்தைகள் ஆளுக்கொரு பாசுரம் சொல்லித் திருப்பாவையை நிறைவு செய்யும் கோஷ்டியையும் நடத்தலாம். பூக்கட்டும் தாயின் மகளுக்கு அதில் ஒரு நாள் உண்டு. அவள் இல்லாவிட்டால் மாலையில் ஒரு மலர் குறையும். தன் பாசுரத்தின் பொருளை அவள் நான்கு வரியில் சொல்லவும் பழகினால், அது வாழ்நாள் முழுவதும் அவளோடு இருக்கும்.

பிரசாதத்திலும் ஒரு செய்தி உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின்கீழ் அரசுத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் காலையில் பள்ளியிலேயே உண்கிறார்கள். அரையாண்டு விடுமுறையில் அந்தத் தட்டு இல்லை. மார்கழி விடியலில் கோயிலில் வெண்பொங்கல் தயாராவதோ அதே நாள்களில்தான். முன்வரிசையில் நிற்கும் அறிமுகமானவர்களுக்கு இரண்டு தொன்னை தருவதற்கு முன், பின்னால் தயங்கி நிற்கும் சிறுவனை அழைத்து ஒன்று தரலாம். விடுமுறை நாள்களில் விநியோகத்தை அரைமணி தாழ்த்தினால், தாய் வேலைக்குச் சென்றபின் எழுந்து வரும் குழந்தைக்கும் கிட்டும். இருபத்தேழாம் பாசுரத்தில், முழங்கை வழியே நெய் வழியும் பாற்சோற்றைக் கோதை தனியே உண்ணக் கேட்கவில்லை. எல்லாரும் கூடியிருந்து குளிர வேண்டும் என்றுதான் கேட்கிறாள். கூடாரவல்லி அன்று அக்காரவடிசில் செய்யும் இல்லங்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

குடும்பங்கள் செய்யக் கூடியது இன்னும் எளியது. மார்கழியில் கோயிலுக்குப் புறப்படும் குழந்தையிடம், வழியில் ஒரு தோழனையோ தோழியையோ அழைத்துக்கொண்டு போகச் சொல்லலாம். தேர்வு நாளில் இரண்டு பென்சில் கொடுத்து அனுப்பி, இல்லாதவருக்கு ஒன்று கொடுக்கச் சொல்லலாம். கணக்கு எளிதாக வரும் பிள்ளை, வராத பிள்ளைக்கு மாலையில் கால்மணி நேரம் சொல்லிக் கொடுக்கலாம். பாசுரப் போட்டியிலிருந்து திரும்பும் குழந்தையிடம் என்ன பரிசு என்று கேட்பதற்கு முன், உன்னோடு யார் யார் வந்தார்கள் என்று கேட்கலாம். அக்கேள்வி ஆண்டு முழுவதும் அதன் நெஞ்சில் நிற்கும்.

தை பிறந்து பள்ளி மூன்றாம் பருவத்துக்குள் நுழையும்போது கோலப்பொடியும் முண்டாசுத் துணியும் பெட்டிக்குள் போய்விடும். அப்போது வகுப்பறையில் ஆசிரியர் பெயர்களை வாசிக்கையில், டிசம்பரில் ஒதுங்கி நின்ற ஒரு குழந்தை “உள்ளேன் ஐயா” என்று உரத்த குரலில் சொல்லுமானால், அந்த மார்கழி நோன்பு பலித்தது என்று கொள்ளலாம்.